பென்சிலால் விட்ரூப் குறைப்பது எப்படி: பழைய கோர் 2 போர்டுகளுக்கான வழிகாட்டி

பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், சிபியு வோல்டேஜை 1.45 என்று வைக்கிறீர்கள். விண்டோஸ் திறந்து பார்த்தால் 1.41 காட்டுகிறது. சிபியுவை முழுக்க உழைக்க வைக்கும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓட்டியதும் 1.34-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கோர் பிழை காட்டி நின்றுபோகிறது, இல்லையென்றால் நீலத்திரை. கோர் 2 சிபியு உட்காரும் எல்ஜிஏ 775 சாக்கெட் போர்டில் ஓவர்கிளாக் செய்து (சிபியுவைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி) பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

வைத்த அளவுக்கும், கணினி சும்மா இருக்கும்போது வருகிற அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை விட்ராப் என்பார்கள். சும்மா இருக்கும்போது உள்ள அளவுக்கும் முழு லோடில் உள்ள அளவுக்கும் உள்ள வித்தியாசம் விட்ரூப். மேலே சொன்ன கணக்கில் விட்ராப் 0.04, விட்ரூப் 0.07. நம் கவலை இரண்டாவது பற்றித்தான். சிபியு அதிகம் உழைக்கும் நேரத்தில் வோல்டேஜ் குறைவாகக் கிடைப்பதால், லோடில் போதுமான அளவு வர வேண்டும் என்று பயாஸில் ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

இதற்குப் பழைய ஓவர்கிளாக்கர்கள் கண்டுபிடித்த வைத்தியம் பென்சில். போர்டில் உள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் மேல் பென்சிலால் கிறுக்கினால் விட்ரூப் குறையும். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. இன்டெல் பி965, பி35 சிப்செட் காலத்தில், அதாவது 2006, 2007 வாக்கில், இது ரொம்பப் பிரபலம். அசுஸ் பி5பி டீலக்ஸ், பி5என்-ஈ எஸ்எல்ஐ மாதிரி போர்டுகளுக்கு இதைச் செய்யாத ஆட்கள் குறைவு. அந்தப் போர்டுகள் இப்போது பழைய சாமான் விலைக்குக் கிடைப்பதால் க்யூ6600 என்ற நான்கு கோர் சிபியுவைப் போட்டு 3.6 கிகாஹெர்ட்ஸ் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது கடந்த பத்து வருடங்களில் வந்த போர்டு என்றால் பென்சிலை எடுக்க வேண்டாம். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

அது ஏன் இறங்குகிறது

வீட்டில் மிக்ஸி போட்டால் பல்பு மங்குவது போலத்தான் இதுவும், போர்டு தயாரித்தவர் மட்டமான பாகங்களைப் போட்டுவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மிக்ஸி விஷயத்தில் கம்பியின் தடை காரணம், யாரும் வேண்டுமென்று வைத்தது கிடையாது. சிபியு வோல்டேஜ் இறங்குவதோ வேண்டுமென்றே வைத்தது. இன்டெல் தன் விதிமுறையிலேயே லோட்லைன் என்ற ஒன்றைக் கேட்கிறது: சிபியு இழுக்கும் கரன்ட் கூடக்கூட, வோல்டேஜ் இந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று. எல்ஜிஏ 775-இல் அந்தச் சரிவு சுமார் 1 மில்லி ஓம் அளவு. ஓவர்கிளாக் செய்த க்யூ6600 முழு லோடில் 150 வாட்டைத் தாண்டும். அதை 1.35 வோல்ட்டால் வகுத்தால் 110 ஆம்ப். 110 ஆம்ப்பை 1 மில்லி ஓமால் பெருக்கினால் 0.11 வோல்ட். ஆக, விதிமுறையை அப்படியே பின்பற்றுகிற நல்ல போர்டிலும் இவ்வளவு இறங்கலாம்.

ஏன் கேட்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பென்சிலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய அது உதவும். சிபியு முழு வேகத்தில் 100 ஆம்ப் இழுத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று வேலை முடிந்து 20 ஆம்ப்புக்கு இறங்குகிறது. வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதியில் இருக்கும் காயில்களால் கரன்ட்டை ஒரே நொடியில் நிறுத்த முடியாது. தேங்கிய சக்தியெல்லாம் கெபாசிட்டர்களுக்குள் போய் விழ, வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். லோடில் வோல்டேஜ் முன்னமே இறங்கியிருந்தால் அந்தத் துள்ளலுக்கு மேலே இடம் இருக்கும், சிபியுவுக்குப் பாதிப்பில்லை. விட்ரூப்பை முழுக்க ஒழித்துவிட்டால், 1.45-இல் நிற்கும் வோல்டேஜ் அங்கிருந்துதான் துள்ளும். கோர் 2 சிபியுக்களுக்கு இன்டெல் அனுமதிப்பது குறித்த அளவுக்கு மேல் 50 மில்லி வோல்ட், அதுவும் 25 மைக்ரோ நொடிக்குள். இந்தத் துள்ளல் மல்டிமீட்டரில் தெரியாது, சிபியு-இசட் மென்பொருளிலும் தெரியாது. பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிபியு அடிவாங்கும் என்பதால்தான் "விட்ரூப் சுழி ஆக்கிவிட்டேன்" என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

என் கணக்கு இதுதான்: விட்ரூப்பைப் பாதியாக்கினால் போதும். அதற்கு மேல் கிடைக்கும் லாபம் சிறியது, ஆபத்து பெரியது.

செய்வதற்கு முன்னால்

முதலில் பயாஸைப் புரட்டிப் பாருங்கள். அசுஸ் பி5கே வரிசையில் சிபியு வோல்டேஜ் டாம்பர் என்று ஒரு வசதி உண்டு. அதற்குப் பின்னால் வந்த எக்ஸ்38, பி45 போர்டுகளில் லோட்லைன் கேலிப்ரேஷன் என்ற பெயரில் இருக்கும். பென்சில் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அது இருந்தால் அதையே போடுங்கள். சில சமயம் பயாஸ் புதுப்பித்தால் வரும்.

இரண்டாவது, லோடில் எவ்வளவு தேவையோ அதற்கேற்ப பயாஸில் கூட்டி வைப்பது. லோடில் 1.36 வேண்டும், 0.11 இறங்குகிறது என்றால் 1.47 வையுங்கள். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் கூடுதலாக நிற்கிறதே என்று நெருடும். ஆனால் அப்போது கரன்ட்டும் சூடும் குறைவு. க்யூ6600 மாதிரி 65 நானோமீட்டர் சிபியுவுக்கு இன்டெல் போட்டிருக்கும் விஐடி (சிபியு தானே கேட்கும் வோல்டேஜ்) எல்லை 1.5 வோல்ட், எந்த நிலையிலும் தாண்டக்கூடாத உச்சம் 1.55. அதற்குள் அடங்கினால் இதுவே நிம்மதியான வழி. இ8400 போன்ற 45 நானோமீட்டர் சிபியு என்றால் எல்லை இன்னும் கீழே: விஐடி 1.3625, உச்சம் 1.45. இங்கேதான் பென்சிலுக்கு நியாயம் கூடுகிறது, ஏற்றி வைக்க மேலே இடமில்லை.

மூன்றாவதாக பவர் சப்ளை. 12 வோல்ட் லைன் லோடில் 11.5-க்குக் கீழே போகிறது என்றால் பிரச்சினை வேறு இடத்தில். எட்டு பின் சிபியு கனெக்டர் உள்ள போர்டில் நான்கு பின் மட்டும் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் தேவைப்படுகிறது என்றால் மேலே படியுங்கள். வாரண்டி என்று ஒன்று இருந்தால் போய்விடும், ஆனால் இந்த வயது போர்டுகளுக்கு அதைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள். போர்டோ சிபியுவோ போனாலும் பரவாயில்லை என்ற மனநிலை இருந்தால் மட்டும் செய்யுங்கள். அன்றாட வேலைக்கான கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

தேவையான சாமான்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ரொம்ப மலிவான மீட்டரிலும் 2 வோல்ட் ரேஞ்சில் மூன்று தசம இலக்கம் காட்டும், அது போதும். 2பி முதல் 6பி வரையிலான மென்மையான பென்சில். ஓவியப் பென்சில் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். எச்பி வேண்டாம். அதில் களிமண் கூடுதல், கிராஃபைட் குறைவு, மீட்டரில் அசைவு தெரிய நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும். 0.5 மில்லிமீட்டர் பேனா பென்சிலில் 2பி முள் போட்டால் சின்ன ரெசிஸ்டருக்கு வசதி. அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம். மீட்டரின் முனைகள் தடிமனாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு தையல் ஊசியைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சேதம் மீட்டர் முனை வழுக்கி நடப்பது, பென்சிலால் நடப்பது அல்ல.

முதல் படி: இப்போது உள்ள நிலையை அளப்பது

மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். போர்டில் உள்ள சூப்பர் ஐஓ சிப்தான் வோல்டேஜை அளந்து சிபியு-இசட் போன்ற மென்பொருளுக்குக் கொடுக்கிறது. ஐடிஈ ஐடி8718எஃப் சிப் 16 மில்லி வோல்ட் படிகளில்தான் அளக்கும், வின்பாண்ட் டபிள்யூ83627டிஎச்ஜி 8 மில்லி வோல்ட் படிகளில். நாம் தேடும் மாற்றமே சில பத்து மில்லி வோல்ட்தான். 16-இன் தாவலில் அதைப் பார்த்தால் தலை சுற்றும்.

மீட்டரில் அளக்க நல்ல இடம் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் கால். சிபியு பக்கத்துக் கெபாசிட்டர்களில் 2.5 அல்லது 4 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 16 வோல்ட் என்று இருந்தால் அது 12 வோல்ட் உள்ளே வரும் பக்கம், அங்கே போகாதீர்கள். கெபாசிட்டரின் தலையில் நிறம் அடித்த பாதி எதிர்முனை, அதற்கு எதிர்ப்பக்கக் கால் நேர்முனை. போர்டைத் திருப்பினால் பின்னால் கால்கள் துருத்திக்கொண்டிருக்கும். முடிந்தால் நேர்முனைக் காலில் ஒரு மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து வெளியே இழுத்துவிடுங்கள். ஓடும் கணினிக்குள் மீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அவஸ்தை இருக்காது. கறுப்பு முனையைப் பவர் சப்ளையின் கறுப்பு வயரில் செருகலாம்.

இங்கே ஒரு விஷயம். கணினியை அணைத்துவிட்டு அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தடையை அளந்தால் ஓரிரு ஓம் காட்டலாம், மீட்டர் பீப் அடிக்கவும் செய்யலாம். ஷார்ட் ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே பெரிய சிபியு உட்கார்ந்திருந்தால் அந்த லைனின் தடை அவ்வளவுதான் இருக்கும்.

இப்போது உங்கள் ஓவர்கிளாக் நிலையில், பயாஸில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப், சி1இ இரண்டையும் அணைத்துவிட்டு, சும்மா இருக்கும்போது ஒரு அளவு, பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். அந்த இரண்டையும் அணைக்காவிட்டால் சும்மா இருக்கும்போது சிபியு தானே வோல்டேஜைக் குறைத்துக்கொண்டு உங்கள் கணக்கைக் குழப்பும். சூடு மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், அதனால் லோடு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: சரியான ரெசிஸ்டரைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான். கிறுக்குவது ஐந்து நிமிடம்.

பிரபலமான போர்டுகளுக்கு எந்த ரெசிஸ்டர் என்று அம்புக்குறி போட்ட படங்கள் உண்டு. ஆனால் படம் உங்கள் போர்டின் அதே மாடலுக்கும் அதே ரிவிஷனுக்கும் உரியதாக இருக்க வேண்டும். பி5பி வேறு, பி5பி டீலக்ஸ் வேறு. கிகாபைட் போர்டில் மூலையில் ரிவிஷன் எண் அச்சிட்டிருக்கும். ஒரே பெயரில் வரும் இரண்டு ரிவிஷன்களில் ரெகுலேட்டர் பகுதியே மாறியிருக்கலாம். படத்தில் உள்ளதையும் கையில் உள்ளதையும் சுற்றியுள்ள பாகங்களோடு சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் கைவைக்காதீர்கள்.

படம் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்த படத்தைச் சரிபார்க்க, சிப்பிலிருந்து தொடங்குங்கள். சாக்கெட்டுக்கும் காயில்களுக்கும் அருகில், நிறையப் பின்கள் உள்ள ஒரு சிறிய சிப் இருக்கும். அதுதான் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், வோல்டேஜ் ரெகுலேட்டரை நடத்தும் சிப். மேலே உள்ள எழுத்து ஐஎஸ்எல் என்று தொடங்கினால் இன்டர்சில், ஏடிபி என்று தொடங்கினால் அனலாக் டிவைசஸ். அந்த எண்ணுக்கான டேட்டாஷீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பின் வரைபடமும், லோட்லைன் அல்லது ட்ரூப் என்று தலைப்பிட்ட பக்கமும் போதும்.

இன்டர்சில் ஐஎஸ்எல்6327 மாதிரி சிப்பில், சிபியு இழுக்கும் கரன்ட்டுக்கு விகிதமான ஒரு சின்னக் கரன்ட் ஐட்ரூப் என்ற பின்னிலிருந்து வெளியே வரும். அது எஃப்பி பின்னோடு சேர்ந்து, எஃப்பிக்கும் விடிஃப் பின்னுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டர் வழியாக ஓடும். அந்த ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜ் எவ்வளவோ, அவ்வளவு கீழே இறக்கி சிபியுவுக்குக் கொடுக்கும் கன்ட்ரோலர். ரெசிஸ்டரின் மதிப்பு குறைந்தால் விட்ரூப்பும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே நாம் தேடுவது எஃப்பிக்கும் விடிஃபுக்கும் இடையில் உள்ளது.

அனலாக் டிவைசஸ் ஏடிபி3180 வகையில் ஏற்பாடு வேறு. சிஎஸ்சம், சிஎஸ்காம்ப் என்ற இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர் கூட்டம் இருக்கும், கூடவே சூட்டுக்கேற்ப மதிப்பு மாறும் தெர்மிஸ்டர் ஒன்றும். தெர்மிஸ்டரைத் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஒரு காயிலை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருக்கும். மற்ற ரெசிஸ்டர்தான் நமக்கு வேண்டியது. இந்த வகையில் ஒரு பக்கவிளைவு உண்டு. கரன்ட் எல்லை மீறினால் அணைத்துவிடும் பாதுகாப்பும் இதே பின்களைப் பார்த்துத்தான் இயங்குகிறது. ரெசிஸ்டரைக் குறைத்தால் கன்ட்ரோலருக்கு உண்மையை விடக் குறைந்த கரன்ட் போவதாகத் தெரியும், பாதுகாப்பு தாமதமாகத்தான் விழிக்கும். பாதியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

சிப்பின் பின்னிலிருந்து ரெசிஸ்டர் வரை மீட்டரின் பீப் ஒலியால் தேடிப் போகலாம். பவர் கேபிளைக் கழற்றி, கணினியின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தித் தேங்கியதை வடித்த பிறகு செய்யுங்கள். ஊசி முனையை சிப்பின் பின்னில் வைத்து, மறுமுனையால் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களின் ஓரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எஃப்பியோடும் மறுபக்கம் விடிஃபோடும் பீப் அடிப்பது எதுவோ அதுதான்.

தப்பான ரெசிஸ்டர் எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஒரே உதாரணம் சொல்கிறேன். எஃப்பி பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் ஒன்று இருந்து, தெரியாமல் அதில் கிறுக்கிவிட்டால், வோல்டேஜ் குறைவாக வருகிறது என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டு ஏற்றிக்கொடுக்கும். பயாஸில் 1.2 இருக்க, சிபியுவுக்கு 1.6 போகலாம். இது வோல்டேஜை ஏற்றும் தனி மாற்றம், ஆட்கள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. தெரியாமல் செய்தால் சிபியு காலி.

இன்னொன்று, ரெசிஸ்டர் எது, கெபாசிட்டர் எது என்று பிரித்தறிய வேண்டும். ரெசிஸ்டர் பொதுவாகக் கறுப்பு முதுகு, சிலவற்றில் மூன்று இலக்கம்: 102 என்றால் 1000 ஓம். செராமிக் கெபாசிட்டர் மரநிறத்தில், எழுத்தில்லாமல் இருக்கும். மிகச் சிறிய ரெசிஸ்டர்களில் எழுத்து இருக்காது, நிறம்தான் துணை. கெபாசிட்டர் மேல் பென்சில் படக்கூடாது.

மூன்றாம் படி: கிறுக்குவது

ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ரெசிஸ்டரைத் துடையுங்கள். ஃப்ளக்ஸ் எச்சமும் தூசியும் போனால்தான் கிராஃபைட் ஒட்டும். நன்றாகக் காயட்டும்.

பிறகு ரெசிஸ்டரின் இரு ஓரங்களுக்கு இடையே தடையை அளந்து எழுதுங்கள். கெபாசிட்டர்கள் நிரம்பும்வரை எண் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும், நிற்கும்வரை பொறுங்கள். போர்டில் இருக்கும்போது கிடைக்கும் அளவு ரெசிஸ்டரின் தனி மதிப்பு ஆகாது. சுற்றியுள்ள பாதைகளும் சேர்ந்த அளவு அது. முதுகில் 102 என்றிருந்தும் மீட்டர் 870 காட்டலாம். சிபியு உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறலாம், அதனால் எல்லா அளவையும் ஒரே நிலையில் எடுங்கள். நமக்கு வேண்டியது முதல் அளவிலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்பது.

பென்சில் கோடு செய்வது ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போடுவதுதான். இரண்டு தடைகள் இணையாக இருந்தால், பெருக்கிய தொகையைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். 1000 ஓம் ரெசிஸ்டர் மேல் 4000 ஓம் உள்ள கோடு விழுந்தால் மொத்தம் 800. கோடு 1500 ஓமுக்கு வந்தால் மொத்தம் 600. கோடு தடிக்கத் தடிக்க மதிப்பு வேகமாக விழும் என்பதைக் கவனியுங்கள். பென்சிலால் தடையைக் குறைக்க மட்டும்தான் முடியும், கூட்ட முடியாது.

ஒரு உலோக ஓரத்தில் தொடங்கி முதுகின் வழியாக மறு உலோக ஓரம் வரை, ஒரே திசையில் இழுங்கள். முதல் சில கோடுகளில் எதுவும் மாறாதது போலிருக்கும், ரெசிஸ்டர் முதுகு வழவழப்பானது. திடீரென்று பிடித்துக்கொண்டு மதிப்பு சரியும். அதனால் நான்கைந்து கோட்டுக்கு ஒருமுறை ஊதிவிட்டு அளந்து பாருங்கள். முதல் சுற்றில் பத்து சதவீதம் குறைந்தாலே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரேயடியாகப் பாதிக்குப் போக வேண்டாம்.

பக்கத்து பாகத்தையும் சேர்த்துக் கிறுக்கிவிட்டால் அப்படியே விடாதீர்கள். ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உதிர்ந்த கிராஃபைட் தூளையும் ஊதித் தள்ளுங்கள். அது கரன்ட் கடத்தும் தூள், சிப்பின் பின்களுக்கு நடுவே போய் உட்காரக் கூடாது.

நான்காம் படி: முதல் முறை ஆன் செய்வது

பழைய ஓவர்கிளாக் அமைப்போடு ஆன் செய்யாதீர்கள். சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை) அழித்துவிட்டு, சாதாரண வேகத்தில் தொடங்குங்கள். கையில் ஒரு பழைய செலரான் இருந்தால் முதல் ஆனுக்கு அதைப் போடுவது உத்தமம். விலையுள்ள சிபியுவை வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. மீட்டரை முன்னமே வோல்டேஜ் கம்பியில் இணைத்து, கண் அதன் மேல் இருக்கட்டும். விரல் பவர் சப்ளையின் சுவிட்சில்.

வோல்டேஜ் 1.2, 1.3 பக்கம் வந்து நின்றால் சரி. 1.5-ஐத் தாண்டினால் யோசிக்காமல் அணையுங்கள், ரெசிஸ்டர் தப்பு. எதுவுமே வரவில்லை, விசிறி ஒரு சுற்று சுற்றி நிற்கிறது என்றால் பெரும்பாலும் கிராஃபைட் பக்கத்தில் பரவியிருக்கும். துடைத்தால் திரும்பி வரும்.

எல்லாம் சரியாக இருந்தால் பயாஸில் உங்கள் வேகத்தை வையுங்கள். ஆனால் வோல்டேஜைப் பழைய எண்ணில் வைக்காதீர்கள். முன்பு 1.45 வைத்து லோடில் 1.34 வந்தது என்றால், இப்போது அதே 1.34 கிடைக்க சுமார் 1.44 போதும். சில போர்டுகளில் சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜும் கொஞ்சம் நகரும், அதையும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: லோடு, அளவு, மறுபடி பென்சில்

பிரைம்95-ஐ ஓட்டி, பத்து நிமிடம் கழித்து அளந்து, முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். தடை பத்து சதவீதம் குறைந்தால் விட்ரூப்பும் ஏறக்குறைய அந்த அளவு குறைந்திருக்க வேண்டும். இன்னும் வேண்டும் என்றால் அணைத்து, கேபிளைக் கழற்றி, சில கோடுகள் கூட்டுங்கள். ஓடும்போது கிறுக்கிப் பார்க்கிற ஆட்களும் உண்டு. கை ஒரு முறை நடுங்கினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

0.07 இறங்கிய இடத்தில் 0.035 ஆனதும் நிறுத்திவிடலாம். அங்கே வந்த பிறகு ஸ்திரத்தன்மைச் சோதனையை இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஒன்று, வழக்கம்போல் மணிக்கணக்கில் பிரைம்95. மற்றது, லோடு ஏறி இறங்கும்படி சோதிப்பது: பிரைம்95-ஐத் தொடங்கி, நிறுத்தி, தொடங்கி, நிறுத்தி. அல்லது ஒரு கேமை விளையாடுங்கள். நீண்ட நேர முழு லோடில் அசையாத அமைப்பு, லோடை நிறுத்தும் நொடியில் தொங்கிப்போனால் ரெகுலேட்டர் தடுமாறுகிறது என்று அர்த்தம். கன்ட்ரோலரின் எதிர்வினை வேகமும் அதே ரெசிஸ்டரையும் பக்கத்துக் கெபாசிட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டு வைத்ததுதான், ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு கொஞ்சம் குலையும். அப்படி நடந்தால் கொஞ்சம் கிராஃபைட்டை அழித்துவிட்டு ஒரு படி பின்னால் வாருங்கள்.

ரெகுலேட்டரில் கரன்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்களின் சூட்டையும் மறக்கக் கூடாது. லோடில் வோல்டேஜ் கூடினால் கரன்ட்டும் கூடும், சாக்கெட்டை ஒட்டிய மாஸ்ஃபெட்கள் இன்னும் கொதிக்கும். அந்தக் காலத்து விலை குறைந்த போர்டுகளில் அவற்றுக்கு ஹீட்சிங்க்கே கிடையாது. சிபியுவுக்கு டவர் கூலர் போட்டிருந்தால் அந்தப் பக்கம் காற்றும் படாது. ஒரு சிறிய விசிறியை அங்கே திருப்பி வைத்தால் போதும்.

பென்சில் போதாது என்பவர்களுக்கு

பென்சில் கோட்டுக்கு ஆயுள் குறைவு. ஈரம், தூசி, சூடு பட்டு மதிப்பு மெல்ல நகரும். நிலையாக வேண்டும், சால்டரிங் கை பழகியிருக்கிறது என்றால், ரெசிஸ்டருக்கு இணையாகப் பல சுற்று ட்ரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றை வயர் போட்டு இணைக்கலாம். அதன் மதிப்பு ரெசிஸ்டரைப் போல இருபது மடங்கு இருக்கட்டும்: 1000 ஓமுக்கு 20 கிலோ ஓம். இணைப்பதற்கு முன் முழு மதிப்புக்குத் திருகி, மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நிலையில் ஐந்து சதவீதம்தான் மாறும், அங்கிருந்து மெல்லக் குறைத்து வரலாம். வயரை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். கன்ட்ரோலர் வோல்டேஜைப் பார்க்கும் பாதை அது, நீளமான வயர் சுற்றியுள்ள இரைச்சலை உள்ளே இழுத்து வரும். இந்த அளவு ரெசிஸ்டரில் சால்டர் வைப்பது புதியவர் வேலை கிடையாது. பழைய செத்த போர்டு ஒன்றில் பழகிவிட்டு வாருங்கள்.

புதிய போர்டுகள்

2011-இல் சாண்டி பிரிட்ஜோடு வந்த விதிமுறைக்குப் பிறகு கன்ட்ரோலர்கள் மெல்ல மெல்ல டிஜிட்டலுக்கு மாறின. லோட்லைன் பல போர்டுகளில் இப்போது கன்ட்ரோலர் சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்ற நினைவிடத்தில் உள்ள எண், பயாஸிலிருந்தே மாற்றலாம். குழப்பம் ஒன்றில்தான்: நிலைகளின் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்டெல் போர்டுகளில் அசுஸுக்கு எண் ஏற ஏற விட்ரூப் குறையும், 8 என்றால் உச்சம். எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் தலைகீழ், 1 என்றால்தான் கிட்டத்தட்ட தட்டையாக நிற்கும். கிகாபைட் எண் போடாமல் லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று எழுதியிருக்கும். வேறு போர்டுக்குச் சொன்ன எண்ணை அப்படியே உங்கள் போர்டில் வைக்காதீர்கள். நடுவில் உள்ள நிலையில் தொடங்கி, லோடில் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக நகருங்கள். துள்ளல் பற்றி மேலே சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும், கடைசி நிலைக்குப் போக வேண்டாம்.

பென்சில் போட்டவர்கள் மாதம் ஒருமுறை லோடில் வோல்டேஜை மீட்டரில் பார்த்து, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். நகர்ந்திருந்தால் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது, பழைய கோட்டின் மேல் கிறுக்குவதை விட நல்லது. போர்டை விற்கப் போகிறீர்கள் என்றாலும் துடைத்துவிட்டு, தடை பழைய அளவுக்குத் திரும்பியதா என்று அளந்து பார்த்த பிறகு கொடுங்கள்.